புரோபயோட்டிக்கா போஸ்ட்பயோட்டிக்கா? செத்த கிருமிக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

வீட்டில் யாருக்கோ வயிறு சரியில்லாமல் போய், பாமசியில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புரோபயோட்டிக் என்றால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமி; போஸ்ட்பயோட்டிக் என்றால் நன்மை செய்யும் செத்த கிருமி. நான் டொக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியால் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டியவன்.

2022 மார்ச். இலங்கையில் கரண்ட் வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள். நெஞ்சுச் சளிக்கு அன்டிபயோட்டிக் குடித்து அம்மாவுக்கு வயிற்றோட்டம். கண்டியில் புரோபயோட்டிக் கெப்சூல் வாங்கி, பஸ்ஸில் பொகவந்தலாவைக்குக் கொண்டு வந்தேன். அடுத்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் வெறும் அலுமாரிதானே. அம்மாவுக்குக் கெப்சூல் விழுங்க வராது. பிரித்து, ஆவி பறக்கும் கஞ்சியில் கலக்கி ஐந்து நாள் கொடுத்தேன்.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பெட்டியில் இருந்த தாளை வாசித்தாள். "அண்ணே, குளிர்ல வைக்கணும், சூடானதுல கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. அஞ்சு நாளா செத்ததத்தான் குடுத்திருக்கீங்க." அம்மா விடுவாளா? "செத்ததுக்கா இவ்வளவு காசு குடுத்த?"

எனக்கு ஏன் தெரியவில்லை? அந்தத் தாளில் சிங்களமும் இங்கிலீஷும்தான். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாயிற்று. அந்த மருந்துப் பெட்டிக்குள் அது வந்து சேர்ந்திருக்கவில்லை. சரி, அது வேறு கதை.

போஸ்ட்பயோட்டிக் என்ற சொல்லைப் பார்த்தபோது, அம்மாவிடம் திருப்பிச் சொல்ல ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அதுவும் நிலைக்கவில்லை. 2021இல் விஞ்ஞானிகள் குழுவொன்று தந்த விளக்கப்படி, உயிரற்ற நுண்ணுயிர்களோ அவற்றின் பாகங்களோ உள்ள, உடலுக்கு நன்மை செய்யும் தயாரிப்புத்தான் போஸ்ட்பயோட்டிக். எந்தக் கிருமி, எப்படிச் செயலிழக்கச் செய்தது, என்ன நன்மை என்பதெல்லாம் காட்டப்பட வேண்டும். என் கஞ்சிக்கு அந்தத் தகுதி இல்லை. நம் தோசைக்கும் அப்பத்துக்கும் இல்லை. கல்லில் வேகும்போது மாவைப் புளிக்க வைத்தவை செத்துப்போகும், அவ்வளவுதான்.

செத்தது எப்படி வேலை செய்யும்? அதன் செல் சுவர்த் துண்டுகளைக் குடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் அடையாளம் காணும். உயிருள்ளவையும் பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை, சில நாளில் வெளியே போய்விடும். செத்ததற்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். பிஸ்கட்டில் போட்டுச் சுடலாம். யோகட்டில் உயிருள்ளவை போல வைக்க வைக்கப் புளிப்பை ஏற்றாது. உடலில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு உயிருள்ள கிருமி அபூர்வமாக இரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு, இதில் அந்தப் பயமும் இல்லை. ஆனால் ஆய்வுகள் புரோபயோட்டிக்குக்குத்தான் அதிகம், அதுவும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி. செத்த கிருமிக்கு நான் ஏஜென்ட் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

கரண்ட் நம்பிக்கையில்லாத வீடு என்றால், ஆய்வில் நன்மை காட்டிய போஸ்ட்பயோட்டிக்கை யோசிக்கலாம், டொக்டரிடம் கேட்டுவிட்டு. வயிற்றோட்டத்துக்கு முதலில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் தூள்) கரைத்துக் கொடுங்கள்.

அம்மாவுக்கு ஏழாம் நாள் நின்றது. மாதுளந்தோல் கசாயத்தால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள். கெப்சூல் விலையைச் சொல்லாமல் அவள் அந்தக் கதையை முடிப்பதே இல்லை.