தொழில் கேள்வி–பதில்: இலக்கு யார் கையில் இருக்கிறது?

கேள்வி (திருப்பூர் வாசகர்): பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் 14 பேர் வேலை செய்கிறார்கள். ‘வேகமாகவும் தரமாகவும் முடியுங்கள்’ என்று முதலாளி மாதந்தோறும் சொல்கிறார். நாளொன்றுக்கு 3,000 பீஸ் என்று நானே ஓர் இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் அதை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தவறு எங்கே?

பதில்: 3,000 என்பது தெளிவான எண்தான். ஆனால் அதை எட்டுவது உங்கள் 14 பேரின் கையில் மட்டும் இல்லை. தையல் பிரிவு காலையிலேயே சரக்கை அனுப்பினால் மாலைக்குள் 3,000 முடியலாம். மாலை 5 மணிக்கு அனுப்பினால், எவ்வளவு கைதேர்ந்த செக்கிங் ஆளாக இருந்தாலும் வராத பீஸைப் பார்த்து முடிக்க முடியாது. தம் உழைப்போடு தொடர்பில்லாமல் ஏறி இறங்கும் ஓர் எண்ணைத் தொழிலாளர்கள் வெகு சீக்கிரம் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுவார்கள்; உங்கள் சுவரொட்டிக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே எண்ணை மாற்றுவதற்கு முன்னால் எதை எண்ணுவது என்பதை மாற்றுங்கள். முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் தையலிலிருந்து வந்து சேர்ந்த பீஸ்களில், 100-க்கு எத்தனை இன்று மாலை 6 மணிக்குள் பெட்டியில் ஏறின என்று கணக்கிடுங்கள். தாமதமாக வந்த சரக்கு இந்தக் கணக்கில் சேராது என்பதால், கிடைக்கும் எண் உங்கள் பிரிவின் வேலையை மட்டுமே காட்டும். சரக்கு வரவு நோட்டில் கடந்த 30 வேலை நாட்களைப் புரட்டி இப்போதைய நிலையைக் கண்டுபிடித்த பிறகே இலக்கை எழுதுங்கள். சராசரி 70 என்று வந்தால், எட்டு வாரத்தில் 85 என்று, முடியும் தேதியையும் சேர்த்து எழுதலாம். வேகத்தை மட்டும் அளந்தால் செக்கிங் மேசையில் கண்கள் ஓடத் தொடங்கும் என்பதால் அதற்குத் துணையாக இரண்டாவது எண் ஒன்றும் வேண்டும்: செக்கிங்கில் தேறிய பீஸ்களில் 100-க்கு எத்தனை இறுதிப் பரிசோதனையில் பிடிபட்டன? மூன்றாவது எண் வேண்டாம். ஏழெட்டு இலக்குகள் எழுதிய பலகைகளைப் பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன். அவற்றை மனப்பாடமாகச் சொன்ன தொழிலாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளைப் பற்றி லேதமும் பால்டெஸும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவும். அங்கே ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிவந்தார்கள். ‘முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்று சொல்லிப் பயன் இல்லாமல் போனதால் 94 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். மரங்கள் ஒரே பருமனில் இருப்பதில்லை, 100 நடைமுறைக்கு ஒவ்வாது. எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்றும் அறிவித்தார்கள். முதல் மாதம் ஏறிய எடை இரண்டாம் மாதம் சறுக்கியது. நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்களாம். யார் மீதும் நடவடிக்கை வரவில்லை. அதன் பிறகு எடை 90-ஐத் தாண்டியது. உங்கள் பலகையிலும் இரண்டாம் மாதம் எண் இறங்கக்கூடும். அன்று முதலாளி கோபப்பட்டுச் சம்பளத்தில் கைவைத்தால், மறுநாள் முதல் நோட்டில் எழுதப்படும் நேரங்களை நீங்கள் நம்ப முடியாது. இதை அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): மளிகைப் பொருள் விநியோகம் செய்கிறோம். விற்பனைப் பிரதிநிதிகள் ஆறு பேருக்கும் மாத விற்பனை இலக்கு இருக்கிறது, அனைவரும் எட்டியும் விடுகிறார்கள். ஆனாலும் கையில் பணம் நிற்பதில்லையே?

பதில்: மாதத்தின் கடைசி நான்கு நாட்களில் எத்தனை விழுக்காடு பில் போடப்படுகிறது என்றும், அதில் எவ்வளவு சரக்கு அடுத்த மாதம் திரும்பி வருகிறது என்றும் பாருங்கள். ‘இப்போது இறக்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, விற்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லி எட்டிய இலக்காக அது இருக்கலாம். பிரதிநிதிகளைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது பில் தொகை, அவர்கள் கொடுத்ததும் பில் தொகை. இது பெரிய இடங்களிலும் நடக்கும். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் என்று ஊழியர்களை நெருக்கிய அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். இனி, திரும்பிய சரக்கைக் கழித்து, 30 நாளுக்குள் வசூலான தொகையை மட்டும் இலக்காக வையுங்கள். முதல் இரண்டு மாதம் எண்கள் சிறுத்துத் தெரியும், அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): கணக்குப் பிரிவுக்கும் ‘ஸ்மார்ட்’ (SMART: நல்ல இலக்கின் ஐந்து இயல்புகளைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகள்) முறையில் இலக்கு வைக்கச் சொல்கிறார்கள். கணக்கு எழுதுவதில் எண்ணிக்கை இலக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: எத்தனை வவுச்சர் பதிந்தார்கள் என்று எண்ணுவது வீண். உங்கள் பிரிவுக்கு நாட்காட்டியே அளவுகோல். ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் 3பி படிவத்தின் கெடு 20-ஆம் தேதி. விற்பனைப் பட்டியல் 7-ஆம் தேதிக்குள் சரிபார்க்கப்பட வேண்டும் என்றும், தாக்கல் செய்த பிறகு திருத்தம் செய்ய நேர்ந்த பில்கள் காலாண்டுக்கு இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்றும் வைத்தால் போதும். ‘ஸ்மார்ட்’ என்ற சுருக்கத்தை 1981-இல் முன்வைத்த ஜார்ஜ் டோரன், அதன் மூன்றாம் எழுத்தான A-வுக்கு, இப்போது பலரும் சொல்வதுபோல ‘எட்டக்கூடியது’ என்று பொருள் தரவில்லை. ‘இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்றே எழுதினார். எனவே 7-ஆம் தேதிக்கு எதிரே ‘கணக்குப் பிரிவு’ என்று எழுதாமல் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவர் விடுப்பில் இருக்கும்போது யார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.