குழந்தை நலச் சான்றிதழும் களப்பணியும்: சமூகப்பணி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். கூடவே குழந்தை நலத்தில் சான்றிதழ் படிப்பு சேரலாமா? வேலைக்கு உதவுமா?

பதில்: சேரலாம். ரெகுலரில் ஒரு படிப்பு, தொலைநிலையிலோ இணையவழியிலோ இன்னொன்று என்று ஒரே நேரத்தில் படிக்க யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் வழிவிட்டது. தேர்வுத் தேதிகள் மோதுகின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: சான்றிதழ் தருவது பல்கலைக்கழகமா, தனியார் பயிற்சி மையமா? மேற்பார்வையோடு கூடிய களப்பணி உண்டா? உண்டென்றால் அந்த மணிநேரம் சான்றிதழில் அச்சாகுமா? காணொளி பார்த்து, குவிஸ் எழுதி, பி.டி.எஃப். இறக்கிக்கொள்ளும் வகைச் சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரியைக் கூட்டும், அவ்வளவுதான்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் (மாவட்ட அளவில் இந்தப் பணிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் வரும் பணியிடங்கள் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தம். அறிவிப்பில் பட்டமும் அனுபவமும்தான் முதலில் கேட்பார்கள். சான்றிதழ் அதற்கு மாற்றாகாது. ஒரு குழந்தையின் வழக்குக் கோப்பு ஒன்றை முதல் நாளிலிருந்து இறுதி உத்தரவு வரை கூடவே இருந்து பார்த்திருக்கிறீர்களா என்பது நேர்காணலில் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். அந்த வாய்ப்பைத் தரும் படிப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: களப்பணிக்குக் குழந்தைகள் நலக் குழுவில் உட்காரக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். என்ன வழி?

பதில்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அந்தக் குழுவின் அமர்வு பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. அதனால் தனியாளாகப் போய் நின்றால் மறுக்கத்தான் செய்வார்கள். துறைத்தலைவர் கடிதம், ரகசியம் காப்பதாக நீங்கள் எழுதித் தரும் உறுதிமொழி, அடையாள அட்டை நகல் மூன்றையும் வைத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் கேளுங்கள். பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அலகில் இருந்தால் வீட்டு விசாரணை, நிதி ஆதரவு மனுக்கள் பழகும். குழந்தைகள் இல்லத்தில் இருந்தால் குழந்தையின் அன்றாடம் புரியும். முடிந்தால் ஒரு பருவம் அங்கே, ஒரு பருவம் இங்கே.

கேள்வி: சமூக விசாரணை அறிக்கை எழுதிக் கொடுத்தால் மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் திருப்பித் தருகிறார். எங்கே தவறுகிறது?

பதில்: குழந்தையின் குடும்பம், வீடு, சூழல் பற்றி விசாரித்துக் குழுவுக்குத் தரும் அறிக்கை இது. நிறையப் பேர் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் படிவம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைக்கு 2016 மத்திய மாதிரி விதிகளின் படிவம் 22. சட்டத்துடன் முரண்பட்ட (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்) சிறாருக்குப் படிவம் 6. இரண்டையும் மாற்றி எடுப்பவர்கள் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 36-ஆவது பிரிவு சமூக விசாரணைக்கு 15 நாள் தருகிறது. குழந்தையை முதன்முதலில் முன்னிலைப்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். மாணவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. பொறுப்பாளரோடு போகலாம், வரைவு எழுதிப் பழகலாம்.

அறிக்கை திரும்பி வர முக்கியக் காரணம், கண்டதையும் கருதியதையும் கலந்து எழுதுவது. ‘தந்தை பொறுப்பற்றவர்’ என்று எழுதினால் குழு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘தந்தை வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போவதாகத் தாய் சொன்னார், ஜூன் முதல் பையன் பள்ளிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் உள்ளது’ என்று எழுதுங்கள். யார் சொன்னது, எங்கே பார்த்தது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும்.

வீட்டுக்குப் போனால் சுவர், கூரையை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். குழந்தை எங்கே படுக்கிறது, அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் வீட்டில் யார் யார், கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், தாய் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டும். பெற்றோர் எதிரில் குழந்தையிடம் கேட்டால் பெற்றோரின் பதில்தான் வரும், தனியாகப் பேசுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது குழு, வழக்கு என்ற சொற்களே வாயில் வரக்கூடாது.

கடைசியாகப் பரிந்துரை. ‘இல்லத்தில் சேர்க்கலாம்’ என்று முடிப்பது எளிது. ஆனால் நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொள்ள முடியுமா, வறுமை மட்டும்தான் சிக்கல் என்றால் வாத்சல்யா நிதி ஆதரவு (மாதம் ரூ.4,000) போதுமா என்று பார்த்து, போதாது என்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள். மேலே எங்குமே வராத காரணம் பரிந்துரையில் திடீரென்று முளைத்தால் அறிக்கை திரும்பத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு பெண், பார்ப்பதற்குச் சிறுமி போலிருக்கிறாள். ஆதாரில் 19 வயது. எதை நம்புவது?

பதில்: வயதை முடிவுசெய்ய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை உள்ளிட்ட மருத்துவச் சோதனை; குழு உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆதார் இந்த வரிசையில் இல்லை. கடைசியாகப் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: இல்லத்தில் ஒரு குழந்தை பாலியல் தொந்தரவு பற்றிச் சொல்லி, ‘யாரிடமும் சொல்லாதீங்க அக்கா’ என்கிறது. மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் எவரானாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். மாணவர், பயிற்சியாளர் என்று விலக்கு கிடையாது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் விஷயத்தில் மறைத்தால் ஓராண்டு வரை. மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள், தகவல் காவல்துறைக்குப் போய்விட்டதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

‘சொல்ல மாட்டேன்’ என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்பதுதான் நேர்மை. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். விசாரணை உங்கள் வேலையல்ல; திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் குழந்தைக்கும் வலி, வழக்குக்கும் கேடு.

கேள்வி: களப்பணிப் பதிவேட்டில் பெயரை மாற்றினால் போதும்தானே?

பதில்: இல்லை. ஊர், பள்ளி, தந்தையின் தொழில் மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்த ஊர்க்காரருக்குக் குழந்தை யாரென்று தெரிந்துவிடும். குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடத் தடைசெய்யும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் இல்லத்துப் பிறந்தநாள் விழாப் படம் போடுவதற்கும் இது பொருந்தும்.

கேள்வி: படிப்பு முடித்ததும் போக்சோ வழக்குகளில் ஆதரவு நபராக முடியுமா?

பதில்: முடியும். சமூகப்பணியில் முதுகலை உள்ளவர்கள் தகுதியானவர்கள். உங்களை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு. அதனால் மாவட்ட அலகின் பட்டியலில் பெயர் சேருங்கள். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எங்கும் குழந்தையோடு இருப்பதும், வழக்கின் நிலையை அவ்வப்போது சொல்வதும்தான் பணி. சாட்சியம் சொல்லிக் கொடுப்பது அதில் சேராது.

கேள்வி: குழு உறுப்பினராக எத்தனை ஆண்டு ஆகும்?

பதில்: குழந்தைகளுக்கான கல்வி, உடல்நலம் அல்லது நலப்பணியில் ஏழாண்டு அனுபவம், 35 வயதைக் கடந்திருப்பது. அந்த மாவட்டத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பவர் ஆக முடியாது. பலருக்கும் அனுபவம் இருக்கும், தாள் இருக்காது. ஒவ்வொரு வேலையை விடும்போதும் எந்தத் தேதியிலிருந்து எது வரை, குழந்தைகளுக்காக என்ன பணி செய்தீர்கள் என்று தெளிவாகக் குறிப்பிட்ட அனுபவச் சான்றை அப்போதே வாங்கிவிடுங்கள். ‘சமூகப் பணியாளராகப் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரி தேர்வில் கைகொடுக்காது.