எச்சரிக்கையும் கல்லாப்பெட்டியும்

அன்புள்ள ஐயா,

மண்ணடியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். எங்கோ நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் ‘அந்த ஊருக்குப் போகாதீர்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. மறுநாளே டிக்கெட்டை ரத்து செய்யக் கூட்டம் நிற்கிறது. நோயில் சாகிறவர்களைவிடப் பிழைப்புப் போய்ச் சாகிறவர்கள் அதிகமாகிவிட மாட்டார்களா?

– ஒரு வாசகர், மண்ணடி

அன்புள்ள நண்பருக்கு,

கல்லாப்பெட்டி காலியாக அறிவிப்பு வேண்டும் என்பதில்லை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்றதும் சில லட்சம் பேர் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள். தனியார் மருத்துவர்கள் பலர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போனார்கள். இந்தியாவுக்குப் போகாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லவே இல்லை. இருந்தும் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின.

சொன்ன கதையும் உண்டு. 2003 ஏப்ரல் 23 அன்று, சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியதால், அவசியமில்லாமல் கனடாவின் டொரான்டோ நகருக்குப் போக வேண்டாம் என்று அதே நிறுவனம் அறிவித்தது. மேயர் கொதித்தார். ஒரே வாரத்தில் அறிவிப்பு விலக்கப்பட்டது. பயணிகள் திரும்பத்தான் மாதக்கணக்கானது. அதைச் சொல்லி நீங்கள் என்னை மடக்கலாம். ஆனால் ஓய்ந்தது என்று மருத்துவமனைகளில் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு, மே கடைசியில் அங்கே மீண்டும் சார்ஸ் தலைகாட்டியதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எனக்கு எச்சரிக்கையின் மேல் கோபமில்லை. உண்மையைச் சொன்னவன் தலையில் நஷ்டம் முழுவதையும் கட்டுவதுதான் பொறுக்கவில்லை. 2021 நவம்பரில் கொரோனாவின் புதுவகையான ஒமைக்ரானைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னது தென்னாப்பிரிக்கா. ஓரிரு நாளில் அதற்குத்தான் விமானக் கதவு அடைபட்டது. முன்பே நெதர்லாந்தில் எடுத்த மாதிரிகளில் அதே கிருமி இருந்தது பிறகு தெரிந்தது! அடுத்த முறை எந்த நாடு முந்திக்கொண்டு சொல்லும்? எச்சரிக்கும்போதே இழப்பீட்டையும் அறிவிக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கடையும் அதில் சேர்த்திதான்.

இது எனக்கு உலகச் சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவிலிருந்து வந்த ஞானமல்ல. 1992 கடைசியில் சென்னையில் புதுவகைக் காலராக் கிருமி தெரியவந்தது. ஓ139 என்று எண் கொடுத்து, வங்கக் கடலை வைத்து ‘பெங்கால்’ என்று பெயரிட்டார்கள். நம் ஊர்ப்பெயர் தப்பியது. அப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் பப்பாளியும் அன்னாசியும் நறுக்கி விற்பார். ஒரு நாள் சுகாதார ஊழியர்கள் வந்து, ஈ மொய்த்த துண்டுகளின் மேல் பினாயிலை ஊற்றிவிட்டுப் போனார்கள். செய்தது சரிதான். ஆனால் காலையில் கந்துவட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்கிய பழம் அது. ஒருவரும் ஒரு ரூபாய் தரவில்லை. அவர் வண்டியைக் கழுவியபோது அன்னாசி வாசனையும் பினாயில் நாற்றமும் கலந்து தெருவெல்லாம் வந்தது.

அடுத்த வாரம் அவர் மகனுக்கு வயிற்றுப்போக்கு. தொற்றுநோய் மருத்துவமனை நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டிலேயே உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்திருக்கிறார். பையன் தேறிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அந்தப் பத்து நாளும் நாங்கள் அவரிடம் பழம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.