வர்ணமும் சாதியும் ஒன்றுதானா?

"வர்ணத்துக்குக் கீதை குணத்தைத்தானே சொல்கிறது, பிறப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: வர்ணம் நான்கு, அது நூலில் இருப்பது. சாதி ஆயிரக்கணக்கில், அது ஊரில் இருப்பது. யார் வீட்டில் பெண் எடுப்பது, யார் கையால் தண்ணீர் குடிப்பது என்று முடிவு செய்தது சாதிதான்.

நான்கு வர்ணமும் ஒன்றாக வருவது ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில். புருஷன் என்ற ஆதி மனிதனின் உடம்பில் வாய் பிராமணன், தோள் அரசன், தொடை வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன். ஒரே உடம்புதானே என்பார்கள். சரி, ஆனால் காலைத் தலைக்குச் சமமாக யார் வைத்தார்கள்?

கீதை 4.13 வர்ணத்தைப் பிரிப்பது குணத்தாலும் கர்மத்தாலும், அதாவது செய்யும் செயலாலும், என்பது உண்மை. அப்புறம் 18.48-ஐயும் படியுங்கள்: குறை இருந்தாலும் 'சகஜமான' தொழிலை விடாதே என்கிறது. சகஜம் என்றால் கூடவே பிறந்தது. குணமும் பிறப்பும் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கு முட்டுக்கொடுப்பது கர்மக் கொள்கை. நல்லது செய்தவன் பிராமணன், சத்திரியன் அல்லது வைசியன் வயிற்றில் பிறப்பான், கெட்டது செய்தவன் நாய், பன்றி அல்லது சண்டாளன் (தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன்) வயிற்றில் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம் (5.10.7). மனிதனை எந்த வரிசையில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! இந்தக் கணக்குப்படி, தாழ்ந்த பிறப்பு அநியாயமே இல்லை, போன பிறவியின் பாக்கி.