பூல் கியூ (பந்தை அடிக்கும் கோல்) முனையில் சூப்பர் குளூ வைத்து ஒட்டிய தோல் டிப் இரண்டு ஆட்டத்திலேயே தெறிக்கிறது, பசையை மாற்றவா என்று கேட்டவருக்கு

பசையை மாற்ற வேண்டாம், சூப்பர் குளூவே போதும். ஃபெரூல் (டிப்புக்கு அடியில் கியூ முனையில் இருக்கும் பூண்) தலையில் காய்ந்து கிடக்கும் பழைய பசை மேலேயே புது டிப்பை ஒட்டியிருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

விழுந்த டிப்பின் அடியைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. ஃபெரூல் மேல் தோல் நார் ஒட்டியிருந்தால் பசைமேல் குற்றமில்லை, தோல்தான் பிய்ந்திருக்கிறது. அந்த மலிவு டிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

பளபளப்புதான் என்றால்:

1. பிளேடைப் படுக்கையாகப் பிடித்துப் பழைய பசையைச் சுரண்டுங்கள்.
2. உப்புத்தாளை மேசையில் விரித்து டிப்பின் அடியைத் தேயுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். பிறகு டிப்பை ஃபெரூல் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் சமமாகவில்லை. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.
3. ஒரே சொட்டு, ஜெல் வகை நல்லது. அழுத்திப் பிடித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சாயங்காலம் ஒட்டி ராத்திரியே கிளப்பில் பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் பலத்த அடி) அடித்தால் பசை தாங்காமல் போகலாம்.

உங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் நல்ல டிப் கிடைக்கவில்லை என்றால் ஈப்போ போகும்போது வாங்குங்கள். பூல் கியூவுக்குப் பெரும்பாலும் 13 மி.மீ. டிப், ஸ்னூக்கர் டிப் 10 மி.மீ. அளவில் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஃபெரூலில் மயிரிழை விரிசல் இருந்தால் இதெல்லாம் வீண். முதலில் ஃபெரூலை மாற்றக் கொடுங்கள்.