எலிப்பொறியை இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா?

கேள்வி: "தேங்காய்த் துண்டை மட்டும் தின்றுவிட்டு எலி தப்பித்துவிடுகிறது. தாத்தா காலத்துப் பொறியையே இன்னும் விற்கிறார்களே, வீட்டு எலிப்பொறியின் வடிவமைப்பை மேம்படுத்த வழியே இல்லையா?"

வழி இருக்கிறது. ஓர் அரம், கொஞ்சம் உப்புத்தாள், பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று இருந்தால் வீட்டிலேயே முடிகிற வேலை.

நான் திருநெல்வேலி டவுனில் இரும்புச் சாமான் கடையில் இருப்பவன். அப்பா காலத்துக் கடை. வருஷம் முழுக்க எலிப்பொறி விற்கும். ஆனால் கார் நெல் அறுப்பு முடிகிற புரட்டாசியிலும், அடுத்த போகமான பிசான நெல்லை அறுத்து வயல் காய்கிற மாசி, பங்குனியிலும் வியாபாரமே தனி. வயலில் தின்ன ஒன்றும் இல்லை என்றானதும் எலி ஊருக்குள் ஏறிவிடும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கத்துக்காரர்கள் வந்தால் இரண்டு மூன்றாக வாங்கிப் போவார்கள். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் இன்னொரு சுற்று.

வாங்கிப் போனவர்களில் சிலர் மறுவாரமே திரும்பி வருவார்கள். "அண்ணாச்சி, தேங்காச் சில்ல மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு. பொறி அப்படியே தொறந்து கெடக்கு. ஸ்பிரிங்க நல்லா கனமாப் போட்டுக் குடுங்க."

இந்தக் கடைசிப் பேச்சில்தான் சிக்கல். ஸ்பிரிங் கனமாக ஆக, எலி தின்றுவிட்டுப் போவது இன்னும் சுலபமாகும்.

நம் ஊரில் விற்கும் மரப்பெட்டிப் பொறியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கதவு. அதை ஸ்பிரிங் மூடப் பார்க்கிறது. கதவைத் திறந்தபடி பிடித்து வைக்க, பெட்டியின் மேலே ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பியின் நுனி, பின்பக்கத்தில் மேல்பலகைத் துளை வழியாக உள்ளே இறங்கும் கொக்கியின் தலையில் மாட்டியிருக்கிறது. கொக்கியின் உள்முனையில் தேங்காய். எலி தேங்காயை வாசல் பக்கமாக இழுத்தால் கொக்கியின் தலை பின்னால் சாயும், கம்பி நழுவும், கதவு விழும். அவ்வளவுதான் மொத்தப் பொறியும்.

இதில் ஸ்பிரிங்கின் இழுப்பு முழுவதும் வந்து உட்காருவது, கம்பி நுனியும் கொக்கித் தலையும் உரசுகிற அந்த ஒரு புள்ளியில். ஸ்பிரிங் கனமானால் அங்கே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். பிறகு கொக்கியை நழுவவைக்கக் கூடுதல் பலம் வேண்டும். வீட்டுக்குள் திரியும் சுண்டெலியின் எடை 15 முதல் 25 கிராம்தான். அது தேங்காயை இழுப்பதுகூட இல்லை, ஓரத்திலிருந்து சுரண்டித் தின்னும். போதாததற்கு, கொக்கியை வெட்டிய இடத்தில் பிசிறு, மழைக்காலத்தில் அதன்மேல் துரு. எப்படி விழும்?

உங்கள் பொறி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கதவைத் திறந்து கம்பியைக் கொக்கியில் மாட்டிப் பொறியை ஏற்றி, வாசல் மேஜை விளிம்பைப் பார்க்கும்படி வையுங்கள். கொக்கியின் உள்முனையில் ஒரு நூலைக் கட்டி, வாசல் வழியாக வெளியே எடுத்து விளிம்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். நூல் நுனியில் சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டி, ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயம், அச்சான வருஷத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 5 கிராம். மூன்று நாணயத்துக்குள் கதவு விழுந்தால் அந்தப் பொறி சுண்டெலிக்கு ஆகும். எட்டு, பத்து என்று போய்க்கொண்டே இருந்தால் நீங்கள் எலிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரிசெய்வது இப்படி. கம்பி நுனியையும் கொக்கித் தலையையும் அரத்தால் ராவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கொக்கியே மோசமென்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து மாட்டுங்கள். ஸ்போக்ஸ் வழவழப்பானது, லேசில் துருவும் ஏறாது. வளைக்கும்போது துளைக்குக் கீழே இருக்கும் பாகம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். அப்போது எலி கொடுக்கவேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கிணற்று ஏற்றத்தின் கணக்குத்தான் இது. கொக்கி நீண்டால் அது அசையவேண்டிய தூரமும் கூடும் என்பதால்தான், மேலே ஏறி நிற்கும் அளவைக் குறைக்கச் சொன்னேன்.

அப்புறம் ஸ்பிரிங். அதை இளக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். "கதவை மூக்கால் நெம்பித் தூக்கிவிடுமே" என்பீர்கள். வீட்டு எலி அப்படித்தான் செய்யும். அதைத் தடுக்கிற வேலையை ஸ்பிரிங்கிடம் விடாதீர்கள். கதவு மூடியதும் தன் கனத்தாலேயே சரிந்து விழுந்து குறுக்கே நிற்கிற மாதிரி ஒரு கம்பி வளையத்தைக் கதவுக்கு மேலே மாட்டுங்கள். வெளிப்பக்கத்தில் விழுகிற தாழ்ப்பாள் அது, உள்ளேயிருந்து நெம்பினால் வராது. ஒரு கதவை மூடுவதும் பூட்டுவதும் இரண்டு வேலை. கடைப் பொறியில் இரண்டையும் ஒரே ஸ்பிரிங்கின் தலையில் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து தவாளிப்பில் சறுக்கி விழும் பலகைக் கதவு உள்ள பொறி என்றால் கார்த்திகை மழைக்கு மரம் ஊதிப் பாதியில் நின்றுவிடும். பலகையை எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டை வெட்டிப் போட்டால் தீர்ந்தது.

இரை விஷயத்திலும் கொஞ்சம் கைவேலை இருக்கிறது. மசால்வடை, சுட்ட தேங்காய், நெத்திலிக் கருவாடு எல்லாமே எலிக்குப் பிடிக்கும். எது வைத்தாலும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள், கவ்விக்கொண்டு போக முடியாது. என் சிபாரிசு கருப்பட்டி. ஒரு துண்டைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினால் இளகும். அதில் பொரிகடலை மாவைப் பிசைந்து கொக்கி முனையைச் சுற்றிச் சின்ன உருண்டையாகப் பிடித்துவிடுங்கள். ஆறினால் கல். எலி அதைக் கடித்துக் கடித்துத்தான் தின்ன வேண்டும். ஒவ்வொரு கடிக்கும் கொக்கி ஆடும். ஒரே குறை எறும்பு. ராத்திரி படுக்கப் போகும்போது வைத்தால் போதும், சாயங்காலமே வைத்தால் எறும்புக்குத்தான் விருந்து.

இழுக்கவே தேவையில்லாமல் மிதித்தால் விழுகிற மாதிரி, உள்ளே தரையில் ஒரு மிதிபலகை வைப்பது கொக்கியைவிட நல்ல வடிவம். தகட்டுப் பொறிகளில் சிலவற்றில் அது உண்டு. சுண்டெலி தேங்காயைச் சீண்டாவிட்டாலும் நடந்து போகும்போதே மாட்டும். வாங்குகிற நிலையில் இருந்தால் அதையே வாங்குங்கள். பலகை பெட்டியின் அகலம் முழுவதையும் அடைக்க வேண்டும். நடுவில் மட்டும் சின்னதாக இருந்தால் ஓரமாகத் தாண்டிப் போய்விடும்.

ஆள் யார் என்று தெரியாமல் பொறியைத் திருத்துவதில் பிரயோஜனம் இல்லை. நம் வீடுகளில் நாலு வகை உண்டு. ஒன்று சுண்டெலி, 6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் நுழைந்துவிடும். அதனால் பொறியின் பின்பக்கக் கம்பிவலை கால் அங்குலத்துக்கும் பொடிக் கண்ணாக இருக்க வேண்டும். பல பொறிகளில் அரை அங்குலக் கண். உள்ளே மாட்டிய சுண்டெலி பின்வழியாகப் போய்விடும், காலையில் கதவு மூடிய காலிப் பெட்டியைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட வேண்டியதுதான். இரண்டாவது வீட்டு எலி. உடம்பைவிட வால் நீளம். பெட்டி ஓர் அடிக்குக் குறைவாக இருந்தால் அது தேங்காயைத் தொடும்போது பின்பாதி வாசலிலேயே நிற்கும். கதவு முதுகில் விழும், உதறிக்கொண்டு ஓடிவிடும். மூன்றாவது பெருச்சாளி. புறவாசல் சாக்கடை வழியாக வருவது, அரைக் கிலோவைத் தாண்டும். மரப்பொறியைக் கரம்பியே வெளியே வந்துவிடும். அதற்கு வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலைக் கூண்டுதான், செங்கல் ஏற்றி அசையாமல் வைக்க வேண்டும். நாலாவது மூஞ்சூறு, அது எலி இனமே கிடையாது. கூர்மூக்கு, ஒரு மாதிரி வாடை, தின்பது கரப்பானும் பூச்சியும். கருப்பட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதை விட்டுவிடுங்கள், உங்களுக்கு உபகாரம்தான் செய்கிறது.

கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரே அளவு. சுண்டெலிக்குப் பெரிது, பெருச்சாளிக்குச் சிறிது.

வைக்கிற இடம். எலி சுவரை ஒட்டி, மீசை சுவரில் உரசத்தான் ஓடும். பட்டாசல், அதாவது கூடத்தின் நடுவில் வைத்த பொறி சும்மா கிடக்கும். வாசல் சுவரை ஒட்டி இருக்கட்டும். டவுனில் பழைய ஓட்டு வீடுகளில் வீட்டு எலி தரைக்கே வராமல் உத்திரத்திலேயே குடித்தனம் நடத்தும். அங்கே பொறியை உத்திரத்தின்மேல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். அப்புறம், சுண்டெலிக்குப் புதுச் சாமான் என்றால் ஆர்வம், அன்றைக்கே வந்து மோந்து பார்க்கும். வீட்டு எலிக்குச் சந்தேகம் ஜாஸ்தி, நாள் கணக்கில் ஒதுங்கிப் போகும். அதற்குப் பொறியின் கம்பியை நூலால் கட்டி, கதவு விழாதபடி திறந்தே வைத்து நாலைந்து நாள் தீனி போடுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகியதும் நூலை அறுத்துவிட்டு ஏற்றுங்கள்.

மேல்நாட்டு அடிப்பொறி, அதாவது பலகையில் கம்பி படாரென்று அடிக்கிறதே அது, 1894-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹுக்கர் என்பவர் காப்புரிமை வாங்கிய வடிவம். அந்த நாட்டில் மட்டும் இதுவரை எலிப்பொறிக்கு மொத்தம் 4,400-க்கும் மேல் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் இன்றைக்கும் விற்பது ஏறக்குறைய அதே பலகை, அதே கம்பிதான். நம் கடையில் அது அவ்வளவாகப் போவதில்லை. பிள்ளையார் வாகனம், வெள்ளிக்கிழமை, வீட்டில் ரத்தம் என்று ஏதாவது ஒரு காரணம் வரும். கூண்டில் பிடித்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் விடுவார்கள். அது சாயங்காலத்துக்குள் வீடு திரும்பும், இல்லையென்றால் அடுத்த தெருக்காரர் நம் கடைக்கு வருவார். இன்னும் சிலர் கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்குகிறார்கள். கொல்வதென்று முடிவு செய்துவிட்டால், ஒரே அடியில் முடிக்கும் பொறி இதைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஒட்டும் அட்டையை நான் கடையில் வைப்பதில்லை. அதில் ஒட்டிய எலி ராத்திரி முழுக்கக் கத்துவதைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். இந்தியாவில் பல மாநிலங்கள் அதைத் தடை செய்தும் இருக்கின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் வேண்டவே வேண்டாம். வாயில் போனால் மனிதருடைய கல்லீரலையே கெடுக்கும், மாற்று மருந்து கிடையாது. எலி பிடித்த பொறியைக் கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் வையுங்கள். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால் வருவது.

இவ்வளவு சின்னத் திருத்தத்தை ஏன் யாரும் செய்து விற்பதில்லை என்றால், காசுதான் காரணம். பொறி செய்து தரும் ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன். "கொக்கிய ராவிக்கிட்டு இருக்கிற நேரத்துல இன்னொரு பொறிய முடிச்சிருவேன், நீங்க எத்தன ரூவா சேத்துத் தருவீங்க?" என்றார். இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டால் வாங்குகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே கடைக்குப் போனால் ஒரே பொறியைக் கேட்டு வாங்காமல், நாலைந்தை வரிசையாக ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கொக்கியையும் ஈர்க்குச்சியால் லேசாக வாசல் பக்கம் இழுத்துப் பாருங்கள். ஒன்றாவது தானாகவே சரியாக அமைந்திருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.