கழுவக் கழுவப் புள்ளி கூடுதே, ஏனுங்க?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்க ஊரு. கருப்பு கார் வாங்கி 2 வருசம் ஆச்சுங்க. வீணாப் போகுதேன்னு ஆர்.ஓ. கழிவுத் தண்ணியைப் பிடிச்சு வச்சு வாராவாரம் நானே கழுவறேன். ஆனா பானெட் முழுக்க வெள்ளைத் திட்டு. அலாய் வீல்ல பழுப்புப் புள்ளி, பிரஷ் போட்டுத் தேய்ச்சும் போகலைங்க. என்ன பண்ணலாம்?

பதில்: குற்றம் உங்கள் கையில் இல்லை, அந்தக் குடத்தில் இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணியை நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் கழிவில் தள்ளுகிறது. நம் பக்கத்து போர் தண்ணியே ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பாய்ப் படிகிற ரகம். கழிவில் அது இன்னும் கெட்டி. வெயிலில் தண்ணி போய்விடும், கால்சியமும் மக்னீசியமும் பெயின்ட் மேலேயே தங்கிவிடும். வெள்ளைக் காரிலும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரியாது.

அந்தத் தண்ணியை வாசல் கழுவ வையுங்கள். காருக்குக் குழாய்த் தண்ணி போதும். போர் தண்ணிதான் என்றால் காலை வெயில் ஏறும் முன் நிழலில் கழுவி, தானாகக் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டு ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணியில் உப்பு அநேகமாக இருக்காது. கடைசி அலசலுக்கு அதுதான் அருமை.

இருக்கிற திட்டுக்கு: முதலில் கார் ஷாம்பு போட்டு மண்ணைக் கழுவிவிடுங்கள். வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணி கலந்து, துணியை நனைத்து, ஆறிய பானெட்டில் ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்து, நன்றாக அலசுங்கள். அதன் பிறகும் வட்டம் தெரிந்தால், பெயின்ட் மேல் இருக்கும் நிறமில்லாப் பூச்சான க்ளியர்கோட்டை உப்பு அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ்தான் வழி. க்ளியர்கோட் தலைமுடித் தடிமன்கூட இருக்காது, பாலிஷ் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் சீவி எடுக்கும். அதனால் மாதாமாதம் பாலிஷ் என்று கிளம்பிவிடாதீர்கள்.

வீல் புள்ளி வேறு சமாச்சாரம். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து சூடாய்ப் பறக்கும் இரும்புத் துகள் வீலில் ஒட்டித் துருப்பிடிக்கிறது. தேய்த்தால் கீறல்தான் மிச்சம். வீல் ஆறியபின் அயர்ன் ரிமூவர் அடித்துப் பாருங்கள். இரும்பு கரைந்து கத்தரிப்பூ நிறத்தில் வழியும். காயும் முன் அலசிவிடுங்கள். பவுண்டரி, லேத் பக்கம் நிற்கும் வெள்ளைக் கார்களில் வரும் செம்புள்ளிக்கும் இதே மருந்துதான். வாட்டர் சர்வீஸில் ஆசிட் அடிக்க மட்டும் விடாதீர்கள், வீலின் மேல்பூச்சான லேக்கரே போய்விடும்.

வினிகர் பட்ட இடத்தில் பழைய வாக்ஸ் தங்காது, புதிதாகப் போடுங்கள். நம் வெயிலுக்கு 2 மாதம் தாங்கினால் பெரிய விஷயம். செராமிக் கோட்டிங் போட்டால் திட்டே வராது என்பார்கள், நம்பாதீர்கள். அதன் மேல் தண்ணி முத்து முத்தாய் நிற்கும், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு புள்ளியாகும். துணியை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கழுவிய கையோடு காரை ஷெட்டில் விட்டுவிடாமல் தெருவை ஒரு சுற்று சுற்றி, நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க் காய்ந்துவிடும்.